உடையாத உருண்டைகள்

1

வேலை அனுமதி பாஸ் புதுப்பிக்கும் மாதம் வந்துவிட்டால் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்க இடம் இருக்காது. ஒரு பக்கம் கடவுச்சீட்டுகள், ஒரு பக்கம் நகல்கள், நடுவில் என் மகள் யாழினி. நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு நகலையும் இரண்டு தடவை எண்ணுவேன். இந்த வருடத்தோடு இது பன்னிரண்டாவது தடவை.

விருதுநகரில் ஒரு மெட்ரிக் பள்ளியில் வேதியியல் நடத்திக்கொண்டிருந்தவள் நான். இப்போது ஜொகூரில், உலு திராம் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் அதே வேதியியலை நடத்துகிறேன். கணவருக்கு மூவார் என்ற ஊரில் மேசை நாற்காலி செய்யும் தொழிற்சாலையில் வேலை. வெள்ளிக்கிழமை மாலை வருவார், ஞாயிறு மாலை போவார். அவருக்குத் தனி பாஸ். யாழினி என் பாஸைச் சார்ந்தவள். அதாவது, நான் ஒழுங்காக இருந்தால்தான் அவளும் இங்கே இருக்க முடியும்.

வந்த புதிதில் இமிகிரேசன் கவுண்டரில், பாஸ் முடிந்துவிட்டது என்று சொல்லவேண்டிய இடத்தில், நானே முடிந்துவிட்டேன் என்று மலாயில் சொல்லிவைத்தேன். கவுண்டரில் இருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்து, மரியாதை குறையாமல், "இன்னும் இல்லை, புவான்" என்றாள். அன்றிலிருந்து அரசாங்கத்தோடு மலாயில் பேசுவதை விட்டுவிட்டேன். யாழினிக்குப் பத்து வயதானதும் படிவம் நிரப்பும் வேலை அவளிடம் போனது. இங்கே படிவத்துக்கு போராங் என்று பெயர். அதில் அவளுக்குப் பிடித்த கட்டம் ஒன்று உண்டு. நிரந்தர முகவரி எழுதிய பிறகு, கடித முகவரி என்று இன்னொரு கட்டம் கேட்கும். அதில் அவள் "செப்பெர்த்தி டி அத்தாஸ்" என்று எழுதுவாள். மேலே உள்ளபடி என்று அர்த்தம். ஒரு முழு முகவரியை எழுதுவதிலிருந்து தப்பித்த சந்தோஷம் அந்த எழுத்தில் தெரியும்.

ஊரில் இருக்கும்போதே எனக்குக் கொஞ்சம் சந்தேகப் புத்திதான். பால்காரரிடம் அளவு பார்ப்பேன், மாணவர் விடுமுறைக் கடிதத்தில் அப்பா கையெழுத்தை உற்றுப் பார்ப்பேன். இங்கே வந்த பிறகு அது வளர்ந்து ஆளாகிவிட்டது. "எழுத்தில் எதையும் கொடுக்காதே, யார் கடையிலும் நிற்காதே, நாம் பாஸில் இருக்கிறோம்" என்று யாழினியிடம் வாரம் ஒரு தடவையாவது சொல்லிவிடுவேன். சார்ந்து வந்த பிள்ளை ஒரு கடையில் கை கொடுப்பதை யாராவது பார்த்து, வேலை செய்கிறாள் என்று எழுதிப்போட்டால் என்ன ஆவது? என் கணவர் சிரிப்பார். "உனக்கு டீச்சர் வேலை கொடுத்தது தப்பு, செக்யூரிட்டி வேலை கொடுத்திருக்கணும்" என்பார்.

2

இந்த வருடம் பள்ளியில் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பாடத்தை நடத்திவிட்டுப் பரீட்சை வைப்பதோடு நிற்காமல், பிள்ளைகள் ஒரு பொருளை வடிவமைத்து, செய்து, சோதித்து, தோற்று, மாற்றி மறுபடி செய்ய வேண்டுமாம். இதையும் முதலில் நான் நம்பவில்லை. பாடத்தை முடிக்க முடியாத யாரோ கண்டுபிடித்த வழி என்றுதான் நினைத்தேன்.

ஆனால் எனக்குக் கொடுத்த தலைப்பு என்னைப் பிடித்துக்கொண்டது. என் கணவர் ஒவ்வொரு சாப்பாட்டுக்கு முன்னும் சட்டையைத் தூக்கி வயிற்றில் இன்சுலின் போட்டுக்கொள்பவர். இன்சுலின் சுரக்கும் செல்களை வேறொருவர் உடம்பிலிருந்து எடுத்து அவருக்குள் வைத்தால் என்ன? வைக்கலாம். ஆனால் உடம்பு சும்மா இருக்காது. வெளியிலிருந்து வந்தது எதுவானாலும் உடம்புக்குச் சந்தேகம். தன் படைகளை அனுப்பி அடித்துக் கொன்றுவிடும். அதனால் அந்தச் செல்களை ஒரு மெல்லிய உருண்டைக்குள் பொதிந்து வைக்கப் பார்க்கிறார்கள். அந்த உருண்டையின் சுவர் சர்க்கரையை உள்ளே விட வேண்டும், இன்சுலினை வெளியே விட வேண்டும், அடிக்க வருகிற படையை மட்டும் நிறுத்த வேண்டும். இதை வகுப்பில் விளக்கும்போது உடம்பின் பக்கம் நியாயம் இருப்பதாகவே எனக்குப் பட்டது.

வகுப்பில் மனிதச் செல்லுக்கு எங்கே போவது? அதற்குப் பதில் ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட். கடற்பாசியிலிருந்து எடுத்த ஆல்ஜினேட் மாவைத் தண்ணீரில் கூழாகக் கரைத்து, ஈஸ்ட்டைக் கலந்து, கால்சியம் கரைசலில் சொட்டுச் சொட்டாக விட்டால், விட்ட இடத்திலேயே உருண்டையாகிவிடும். உருண்டைக்கு இரண்டு சோதனை. தண்ணீர் உள்ள பாட்டிலில் போட்டு ஐந்து நிமிடம் குலுக்கினால் உடையக் கூடாது. சர்க்கரைத் தண்ணீரில் போட்டு வாயில் பலூன் மாட்டினால், உள்ளே ஈஸ்ட் உயிரோடு இருந்து காற்று விட்டுப் பலூன் எழ வேண்டும். இதன் தம்பியாக மருந்து உருண்டை ஒன்றும் இருந்தது. மருந்துக்குப் பதில் சாயம். வயிறு என்று வைத்துக்கொண்ட வினிகரில் சாயத்தைப் பிடித்துவைத்து, குடல் என்று வைத்துக்கொண்ட சோடா உப்புத் தண்ணீரில் அவிழ்த்துவிட வேண்டும்.

வீட்டில் பழக ஆளுக்கொரு சிறு பொட்டலம் கொடுத்தேன். கொடுத்ததைத் தவிர வேறெதையும் சேர்க்கக் கூடாது என்றேன். ஆளுக்கொரு நோட்டு. அதில் மூன்று கட்டம்: செய்தது, ஆனது, காரணம். தோல்வியைத் தோற்றவரே எழுத வேண்டும், பக்கம் கிழிக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். யாழினியை வேறு ஆசிரியர் வகுப்புக்கு மாற்றச் சொல்லியிருந்தேன். டீச்சர் மகளுக்குச் சலுகை என்று ஒருவர் வாயிலும் வந்துவிடக் கூடாது அல்லவா.

3

ஸ்டெல்லா என்று என் வகுப்பில் ஒரு பெண், நாலாம் படிவம், ஊர்க் கணக்கில் பத்தாம் வகுப்பு. அதிகம் பேசமாட்டாள். அவள் அம்மா ரோஸ்லின் கடைத்தெருவில் செண்டோல் கடை வைத்திருக்கிறார். ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: பாண்டான் இலைச் சாறு கலந்த பச்சை மாவை, பெரிய துளையுள்ள தட்டில் அழுத்திப் பிழிந்து, தேங்காய்ப்பாலும் பனைவெல்லமும் ஐஸும் சேர்த்துக் கொடுப்பார்கள். அதுதான் செண்டோல். ஸ்டெல்லா படிப்பது பள்ளி கொடுத்த இலவச இடத்தில். ஒழுங்கு மீறல் கடிதம் ஒன்று ஏறினால் அந்த இடம் போய்விடும். இது பள்ளியில் எல்லோருக்கும் தெரிந்த விதி.

ஒரு வியாழக்கிழமை குலுக்கல் சோதனை வைத்தேன். மற்றவர்களின் உருண்டைகள் மூன்றாவது நிமிடத்தில் கஞ்சியாகிவிட்டன. ஸ்டெல்லாவின் உருண்டைகளில் ஒன்றுகூட உடையவில்லை. எல்லாம் ஒரே அளவு, அச்சில் வார்த்தாற்போல. பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், ஆனால் உள்ளுக்குள் ஒன்று உறுத்தியது. நானே செய்து பார்த்ததில் அப்படி வரவில்லை. பள்ளிக்கு எதிர்வரிசையில் பபிள் டீ கடை இருக்கிறது. அங்கே கண்ணாடிப் போத்தலில் இதே மாதிரி ஜெல்லி உருண்டைகள் வைத்திருப்பார்கள்.

அதே நாட்களில் வீட்டிலும் எனக்கு உறுத்தல். சனிக்கிழமை காலையில் நூலகம் என்று யாழினி கிளம்புவாள், மதியம் வருவாள். வரும்போது நகக்கண்ணில் பச்சை. பையைத் திறந்தால் ஏதோ இலை வாசம். தொலைபேசிக்குப் புதுப் பூட்டு. என்ன படித்தாய் என்று கேட்டால் "புக்குதான்மா" என்பாள். அவள் இப்போதெல்லாம் சிரிப்பது ஆங்கிலத்தில், கோபப்படுவது மலாயில். தமிழில் என்னிடம் மிச்சம் இருப்பது இந்த மாதிரி ஒற்றை வார்த்தைகள்தான். கணவரிடம் சொன்னேன். "பச்சைதானே, கழுவினா போயிடும்" என்றார். எனக்குத் தூக்கம் போனதுதான் மிச்சம்.

4

திங்கட்கிழமை, வகுப்பு முடிந்ததும், ஜாடியில் மிச்சமிருந்த ஸ்டெல்லாவின் உருண்டைகளைச் சர்க்கரைத் தண்ணீரில் போட்டுப் பலூன் மாட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். பலூன் தொங்கியபடியே இருந்தது. உள்ளே ஈஸ்ட் இல்லை என்று முடிவு கட்டினேன். அன்று வாங்கி வைத்திருந்த நோட்டுகளில் அவளுடையதைத் தேடி எடுத்தேன். அந்த உருண்டைகளை எப்படிச் செய்தாள் என்பது எங்கும் இல்லை. நடுவில் ஒரு பக்கம் கிழிக்கப்பட்டு, தையல் ஓரத்தில் துணுக்கு மட்டும் நின்றது. உண்மையைச் சொன்னால், எனக்கு அப்போது ஒரு நிம்மதிகூட வந்தது. நம் மூக்கு தப்பாது என்று.

மறுநாள் வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் கேட்டேன்.

"ஸ்டெல்லா, இந்த உருண்டையை எங்கே வாங்கினே?"

அவள் எழுந்து நின்றாள். "வாங்கல டீச்சர். நான்தான் செஞ்சேன்."

"அப்ப அந்தப் பக்கம் எங்கே?"

அவள் நாற்காலியை மேசைக்கடியில் தள்ளினாள்.

"கிழிச்சது நீயா?"

"இல்ல டீச்சர்."

"பின்னே யாரு?"

அவள் என்னைப் பார்த்தாள், பிறகு மேசையைப் பார்த்தாள். பின்வரிசையில் யாரோ "அலமாக்" என்று, நம் ஐயோ மாதிரி, மெதுவாகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு அவள் வாயைத் திறக்கவே இல்லை. பொய் சொல்கிறவர்கள் இப்படித்தான் என்று நான் நினைத்தேன். பதினைந்து வயதில் ஒரு பெண் வேறெதற்காக வாயை மூடிக்கொள்வாள் என்று யோசிக்கவில்லை.

மதியமே ஒழுங்கு மீறல் படிவத்தை நிரப்பி, துணைத் தலைமையாசிரியர் என்சிக் ஹபிஸிடம் கொடுத்தேன். அவர் நிதானமான மனிதர். பதிவேட்டில் எண் போட்டுவிட்டுப் படிவத்தை என்னிடமே திருப்பினார். மலாயில் இரண்டு மூன்று இடம் பிழை, அதைத் திருத்த வேண்டும். அதோடு லம்பிரான் எங்கே என்று கேட்டார். லம்பிரான் என்றால் இணைப்பு. ஆதாரம் இணைக்காமல் எந்தப் படிவமும் இந்த நாட்டில் நகராது. நாளைக் காலைக்குள் கொண்டுவருகிறேன் என்றேன். பன்னிரண்டு வருடமாக இந்த இணைப்புகளைச் சபித்துக்கொண்டிருப்பவள் நான்.

5

ஆதாரம் செய்ய ஆய்வகத்துக்குப் போனேன். கடை ஜெல்லி சிட்ரேட் கரைசலில் கரையாது, ஆல்ஜினேட் கரையும். ஸ்டெல்லாவின் உருண்டைகள் கரையாமல் கிடப்பதைப் படம் எடுத்து இணைத்துவிட்டால் வேலை முடிந்தது.

உருண்டைகளைப் போட்டுவிட்டுக் கை கழுவி வந்து பார்த்தேன். ஓரங்கள் இளகத் தொடங்கியிருந்தன. கொஞ்ச நேரத்தில் எல்லாம் கரைந்து, தண்ணீர் கலங்கிவிட்டது.

அந்தக் கலங்கலில் ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடித் துண்டில் வைக்க மூன்று முயற்சி ஆனது. நீலச் சாயம் ஒரு சொட்டு விட்டேன். உயிருள்ள ஈஸ்ட் இந்தச் சாயத்தைப் பிடித்துவைக்காது, நிறமில்லாமல் நிற்கும். செத்தது நீலமாகிவிடும். நுண்ணோக்கியில் குனிந்தேன். வட்டம் முழுக்க ஈஸ்ட். ஆயிரக்கணக்கில். ஒன்றுவிடாமல் நீலம்.

அவள் செய்திருக்கிறாள். அவளே செய்திருக்கிறாள். உள்ளே வைத்த உயிர்தான் எப்படியோ செத்திருக்கிறது.

அன்று மாலை யாழினியிடம் படிவத்தை நீட்டினேன். வேறு யாரிடம் மலாய் திருத்தக் கேட்பேன்? கொடுக்கப்போவதில்லை என்று மனதுக்குள் முடிவான பிறகும் கை தானாக நீண்டது, பழக்கம் அப்படி. அவள் படித்தாள். எப்போதும்போல் இரண்டு சொல்லைப் பென்சிலால் வட்டமிட்டாள். பிறகு பென்சிலை வைத்துவிட்டாள்.

"இதைக் குடுக்கப் போறீங்களாம்மா?"

"இல்ல. அவ கடையில வாங்கலேன்னு இப்பத்தான் தெரிஞ்சது. ஆனா ஈஸ்ட் எப்படிச் செத்துச்சுன்னு தெரியல. அவளும் சொல்லமாட்டேங்கறா."

யாழினி அறைக்குப் போய்த் தன் பையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்துவந்து மேசையில் வைத்தாள். ஒரு ஓரம் கிழிசல். ஸ்டெல்லாவின் கையெழுத்து.

*செய்தது: சனிக்கிழமை கடையில் யாழினியும் நானும் செய்தோம். செண்டோல் குழையாமல் இருக்க அம்மா ஊற்றும் சுண்ணாம்புத் தண்ணீரில் உருண்டைகளை இரண்டு மணி நேரம் போட்டோம். ஆனது: உருண்டை உடையவே இல்லை. மறு சனிக்கிழமை பலூன் வைத்துப் பார்த்தோம், எழவில்லை. ஈஸ்ட் செத்துவிட்டது. காரணம்: சுண்ணாம்பு காரம். பாதுகாக்கத்தான் போட்டோம். தேவைக்கு மேல் பாதுகாத்துவிட்டோம்.*

நான் அதை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை.

"நூலகம்னு சொன்னே."

"கடைக்குப் போறேன்னு சொன்னா விட்டிருப்பீங்களா? எட்டு வாரமா போறேன். அங்க ஆன்ட்டி செண்டோல் புழிய விடுவாங்க. பேசுவாங்க. நான் பேசறத கேப்பாங்க."

"பக்கத்தைக் கிழிச்சது?"

"நான்தான். கடையில இருந்தேன்னு எழுத்துல இருந்தா உங்க பாஸுக்கு ஆபத்து. நீங்கதானே சொல்வீங்க, எழுத்துல எதையும் குடுக்காதேன்னு. ஸ்டெல்லாகிட்ட அதைத்தான் சொன்னேன். அவ யாருகிட்டயும் சொல்லமாட்டேன்னு சொன்னா. இன்னைக்கு ஸ்கூல் விட்டதும் போன் பண்ணி, நானே வந்து சொல்லிர்றேன்னு நானும் கெஞ்சினேன். வேணாம் லா, டீச்சருக்குப் பிரச்சினை ஆயிரும்னுட்டா."

எனக்காக. நான் அவளை எல்லோர் முன்னிலையிலும் நிறுத்தி வைத்து ஏமாற்றுக்காரியைப்போல் விசாரித்துக்கொண்டிருந்தபோது, அவள் என் பாஸைக் காப்பாற்றிக்கொண்டு நின்றிருக்கிறாள். அன்றைக்கு வந்த வெட்கம் இதை எழுதும்போதும் வருகிறது.

6

எண் போட்ட படிவத்தைச் சும்மா திரும்ப எடுக்க முடியாது என்றார் என்சிக் ஹபிஸ். திரும்பப் பெறுவதற்குக் காரணம் காட்டிக் கடிதம் வேண்டும். அந்தக் கடிதம் என்னுடைய கோப்பில்தான் சேரும். பாஸுக்குப் பரிந்துரை எழுதுகிறவர்கள் அந்தக் கோப்பைப் பார்ப்பார்கள் என்பதையும் ஒரு தடவை நினைவுபடுத்தினார். பழைய நானாக இருந்தால் பாதி உண்மையைச் சொல்லித் தப்பித்திருப்பேன். ஆதாரம் போதவில்லை என்று ஒரு வரி எழுதினால் போதும். ஆனால் அந்த வரி ஸ்டெல்லாவின் மேல் ஒரு கறையை விட்டுவைக்கும். மாணவி உருண்டைகளை வாங்கவில்லை, பக்கத்தைக் கிழிக்கவில்லை, நான் தவறாகக் குற்றம் சாட்டினேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மலாய் யாழினியுடையது.

சனிக்கிழமை அவளோடு நானும் கடைக்குப் போனேன். ரோஸ்லினுக்கு ஒன்றும் தெரியாது. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"வாங்க டீச்சர். உங்க பிள்ள நல்ல கைக்காரி. ஸ்டெல்லா ஒழுங்கா படிக்குதா?"

நடந்ததைச் சொன்னேன். எதையும் விடவில்லை. தேங்காய்ப்பால் ஊற்றிக்கொண்டிருந்த கரண்டி பாதியில் நின்றது. ஸ்டெல்லா ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"கிளாஸ்ல எல்லாரு முன்னாடியும் கேட்டீங்களா டீச்சர்?"

"ஆமாங்க."

"அப்ப எல்லாரு முன்னாடியும் சொல்லிருங்க." அவ்வளவுதான் சொன்னார். பிறகு கரண்டியை எடுத்து, கிண்ணத்தை நிரப்பி என் முன்னால் வைத்தார். நான் முழுதும் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை வகுப்பில் சொன்னேன். ஆங்கிலத்தில் தொடங்கி, தமிழில் முடித்தேன். புரியாத பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் எடுத்துச் சொன்னார்கள். பிறகு ஸ்டெல்லாவின் நோட்டைக் கேட்டு வாங்கி, கிழித்த பக்கத்தை அதன் இடத்தில் ஒட்டினேன். கடை, சனிக்கிழமை, யாழினி எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். தோல்வியைத் தோற்றவரே எழுத வேண்டும் என்பது நான் போட்ட விதி. அந்தப் பக்கத்திலேயே, அவள் வரிகளுக்கு அடியில், என் கையால் எழுதினேன். *செய்தது: ஸ்டெல்லா மேல் பொய்ப் பழி போட்டேன். என் மகளின் பையைச் சோதித்தேன். ஆனது: இருவரும் என்னிடம் உண்மையைச் சொல்ல முடியாமல் போனது.* காரணக் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. நிறைய காரணம் தோன்றியது; எல்லாவற்றிலும் நான் பாவம்போல் தெரிந்தேன். காலியாகவே விட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஸ்டெல்லா மறுபடி செய்தாள். இந்தத் தடவை சுண்ணாம்புத் தண்ணீர் சேர்க்க அனுமதி கேட்டாள், கொடுத்தேன். இருபது எண்ணும்வரை மட்டும் போட்டு, உடனே நல்ல தண்ணீரில் அலசினாள். குலுக்கியதில் நாலைந்து உடைந்தன. பலூன் எழுந்தது. சாய்ந்தபடி, ஒரு பக்கம் கோணிக்கொண்டுதான் எழுந்தது, ஆனால் எழுந்தது.

யாழினி இப்போதும் சனிக்கிழமை போகிறாள், கடைக்கு என்று சொல்லிவிட்டே போகிறாள். போன வாரம் அவள் பை கதவருகே இருந்தபோது என் கை அதன் பக்கம் போனது. போன கையை இழுத்துக்கொண்டேன். புத்தி ஒரே மாதத்தில் மாறிவிடாது. பாஸ் பற்றி இன்னும் பதில் வரவில்லை.

நேற்று மதிப்பெண் போட நோட்டுகள் வந்தன. ஸ்டெல்லாவின் நோட்டில் அந்த ஒட்டிய பக்கத்தைத் திறந்தேன். நான் காலியாக விட்ட கட்டம் நிரம்பியிருந்தது. "தேவைக்கு மேல் பாதுகாத்துவிட்டோம்" என்ற வரிக்கு நேர் கீழே, எனக்கு நன்றாகத் தெரிந்த கையெழுத்தில், மூன்று சொற்கள்: செப்பெர்த்தி டி அத்தாஸ்.

சிவப்புப் பேனாவை எடுத்தேன். திருத்த ஒன்றும் இல்லை.